புது ஸ்பீக்கரை 200 மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் கேட்க வேண்டுமா?

தம்பியின் கேள்வி சுருக்கமாக இதுதான். ஈப்போவில் ஒரு கடையில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) புதிதாக வாங்கி வந்து சுங்கை சிப்புட் வீட்டில் மாட்டியிருக்கிறார். கடையில் கேட்டபோது இருந்த பாஸ் (தாழ்ந்த சத்தம்) வீட்டில் இல்லை, ட்ரெபிள் (கீச்சென்ற உயர்ந்த சத்தம்) காதைக் குத்துகிறது. கடைக்குப் போன் போட்டால், "செட் இன்னும் பழகவில்லை, 200 மணி நேரம் ஓடட்டும், ஆம்ப்பும் வயரும்கூடச் சேர்ந்து பழக வேண்டும்" என்கிறார்கள். மாற்றிக்கொள்ளக் கடை கொடுத்திருக்கும் தவணை இரண்டு வாரம். காத்திருக்கலாமா, வேண்டாமா?

காத்திருக்க வேண்டாம், தம்பி. புது ஸ்பீக்கர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஓட ஓட இளகும் என்பது உண்மைதான், மீட்டர் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த இளக்கத்தில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், ஒரு நாள் சாயங்காலம் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்டால் மிச்சமும் வந்துவிடும். அது முழுக்க வந்த பிறகும், பெட்டிக்குள் பூட்டிய ஸ்பீக்கரின் சத்தம் அடையாளம் தெரியாமல் மாறிவிடாது. இல்லாத பாஸை எந்தப் பழக்கமும் கொண்டுவந்து கொடுக்காது. அப்புறம் கணக்கையும் பாருங்கள்: இரண்டு வாரத்தில் 200 மணி நேரம் என்றால் தினமும் 14 மணி நேரத்துக்கு மேல் பாட வேண்டும். வேலைக்குப் போய் வருகிற ஆள் ராத்திரி மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு மாதம் தாண்டிவிடும், தவணை அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்திருக்கும்.

நான் செட் ரிப்பேர் செய்கிறவன். கோயில் திருவிழா செட், மண்டப செட், வீட்டு செட் எல்லாம் வரும், காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) எரிந்ததையும் கோன் (முன்னால் தெரியும் கூம்பு) கிழிந்ததையும் பிரித்துத் திரும்பக் கட்டுகிற வேலைதான் அதிகம். அதனால் எது இளகும், எது இளகாது என்பதைக் கையில் வைத்துப் பார்த்த மாதிரியே சொல்கிறேன்.

பாஸைக் கொடுக்கிற பெரிய கோன்தான் வூஃபர், அதில் ஒரு ஆறரை இஞ்ச் வூஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். கோனைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டுதான். வெளியே வளையமாகத் தெரிகிற ஓரத்து ரப்பர் ஒன்று, உள்ளே காயிலை நடுவில் நிறுத்தி வைக்கும் ஸ்பைடர் இன்னொன்று. ஸ்பைடர் என்பது பருத்தித் துணியோ செயற்கைத் துணியோதான், அதை ஃபினாலிக் பிசினில் தோய்த்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு மடிப்பாக எடுப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது வூஃபரின் கோனை இரண்டு கை விரலாலும் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளினால் முதல் தடவை ஒரு முரண்டு இருக்கும். நாலைந்து தடவை தள்ளிவிட்டு மறுபடியும் தள்ளிப் பாருங்கள், அந்த முரண்டு குறைந்திருப்பது விரலுக்கே தெரியும். (நடுவில் தள்ளாதீர்கள், மூடி குழிந்துவிடும். ஒரு பக்கமாகவும் தள்ளாதீர்கள், காயில் உரசும்.) துணியில் இறுகியிருந்த பிசின் மடிப்புகளில் நுண்ணியதாக விடுபடுகிறது, ரப்பரும் முதல் இழுவையில் கொஞ்சம் தளர்கிறது. ஸ்பீக்கர் பழகுவது என்று ஊரெல்லாம் பேசுகிற சங்கதியில் கைக்கு அகப்படுவது இவ்வளவுதான்.

ரப்பர் விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு உரிமை உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கரி கலந்த ரப்பரை முதல் தடவை இழுத்தால் ஒரு விறைப்பு, அடுத்த தடவை அதே அளவு இழுத்தால் குறைந்த விறைப்பு, சில தடவைக்குப் பிறகு ஒரே நிலைக்கு வந்துவிடும். இதற்கு மல்லின்ஸ் விளைவு என்று பெயர். பலர் முன்பே கவனித்ததுதான் என்றாலும், லியோனார்ட் மல்லின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1940களின் கடைசியிலிருந்து இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் பல வருடம் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் இருந்தாலும், அது நடந்தது மலாயா ரப்பர் மேல் வாங்கிய தீர்வைப் பணத்தில். அவரே பிறகு அந்த நிறுவனத்துக்கு இயக்குநரானார். இன்றைக்கு ஹெர்ட்ஃபோர்டு பக்கம் பிரிக்கெண்டன்பரியில் துன் அப்துல் ரசாக் பெயரில் இருக்கும் ரப்பர் ஆய்வு மையம் அந்த வழியில் வந்ததுதான். காலை இருட்டில் போய் பால்மரம் சீவியவர்களின் உழைப்பிலிருந்து போன காசு, அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது கேட்கிற கேள்விக்கும் பதிலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

அந்த ஆய்விலிருந்து நமக்கு வேண்டியது மூன்று விஷயம். முதலாவது, தளர்வு முதல் சில இழுவையிலேயே வந்துவிடும். 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 40 அதிர்வு) சத்தம் ஒரு நிமிடம் போனால் கோன் 2,400 தடவை முன்னும் பின்னும் போய் வந்திருக்கும், அப்படியிருக்க 200 மணி நேரத்துக்கு என்ன வேலை? இரண்டாவது, ரப்பர் எவ்வளவு தூரம் இழுபட்டதோ அந்தத் தூரம் வரைக்கும்தான் தளரும், அதைத் தாண்டி இழுத்தால் அங்கே மறுபடியும் புது ரப்பர் மாதிரி விறைக்கும். அதாவது ராத்திரி முழுக்க மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, காலையில் பழகிவிட்டது என்று நினைப்பதில் பொருள் இல்லை. கோனை நன்றாக அசைக்கிற உறுமி மேளமோ, பாஸ் கிட்டார் தூக்கலாக இருக்கும் இளையராஜா பாட்டோ ஒரு அரை மணி நேரம் போட்டால் அதைவிட அதிக வேலை நடக்கும். மூன்றாவது, ஓய்வு கொடுத்தால் தளர்ந்ததில் கொஞ்சம் திரும்பவும் இறுகும். ஒருமுறை பழகினால் நிரந்தரம் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை.

ஸ்பீக்கர் ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர், பியூட்டைல், நைட்ரைல் போன்றவை. கரி சேர்த்த ரப்பர் எதுவானாலும் இந்தக் குணம் இருக்கும்.

சரி, இளகினால் சத்தம் எவ்வளவு மாறும்? கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், கஷ்டமான கணக்கு இல்லை. பெட்டியில் மாட்டாத வூஃபர் ஒன்று 40 ஹெர்ட்ஸில் தானாக அதிர்கிறது என்று வையுங்கள். ஓடிப் பழகியதில் அதன் நெகிழ்ச்சி 20 விழுக்காடு கூடிவிட்டது. அப்போது அந்த 40, 36.5 ஆக இறங்கும். படிக்கிறவர்களுக்குப் பெரிய மாற்றமாகத் தெரியும், இணையத்தில் இந்த எண்ணைக் காட்டித்தான் "பார், பழகுகிறது" என்று வாதம் செய்கிறார்கள். ஆனால் யாரும் வூஃபரைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பதில்லை. அதைக் காற்றுப் போகாத 10 லிட்டர் பெட்டியில் பூட்டினால், உள்ளே அடைபட்ட காற்றே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். நான் எடுத்துக்கொண்ட வூஃபருக்கு அந்தக் காற்றின் விறைப்பு, ரப்பரும் ஸ்பைடரும் சேர்ந்த விறைப்பைப் போல நான்கு மடங்கு. ஆக மொத்தம் ஐந்து பங்கில் ஒரு பங்குதான் இளகக்கூடியது, மிச்சம் நான்கு பங்கு வெறும் காற்று, அதற்குப் புதுசு பழசு எல்லாம் கிடையாது. கணக்குப் போட்டால் பெட்டிக்குள் அதிர்வு 89.4 ஹெர்ட்ஸிலிருந்து 87.9-க்கு இறங்குகிறது. ஒன்றரை ஹெர்ட்ஸ். இந்த ஒன்றரை ஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு இல்லாத பாஸ் வந்துவிடும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்ததே இந்தக் காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான். துணியும் ரப்பரும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், காற்று ஒரே மாதிரி இருக்கும், அதனால் பொறுப்பைக் காற்றிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. பின்னால் ஓட்டை வைத்த பெட்டியில் கணக்கு வேறு மாதிரி போகும், ஆனால் அங்கேயும் அந்த ஓட்டை எந்த ஹெர்ட்ஸில் வேலை செய்யும் என்பதைப் பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அகலமும்தான் தீர்மானிக்கின்றன, அவை பழகி மாறப் போவதில்லை.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே அளக்கலாம். வேண்டியது ஏசி மில்லிவோல்ட் காட்டும் ஒரு மல்டிமீட்டர், எலக்ட்ரானிக் கடையில் சில காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, போனில் இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் செயலி. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு வயரில் அந்த ரெசிஸ்டரைத் தொடராக மாட்டுங்கள். மீட்டரின் இரண்டு முனையையும் ஸ்பீக்கர் டெர்மினலில் வையுங்கள். ஆம்ப் ஏறக்குறைய 5 வோல்ட் கொடுக்கும்படி வால்யூமை வைத்துக்கொண்டு, 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரைக்கும் மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். சாதாரணமாக 40 மில்லிவோல்ட் பக்கத்தில் நிற்கும் எண் ஓரிடத்தில் மளமளவென்று ஏறி, உச்சிக்குப் போய், திரும்ப இறங்கும். அந்த உச்சிதான் அதிர்வு இடம். ஓட்டை வைத்த பெட்டியாக இருந்தால் இரண்டு உச்சியும் நடுவில் ஒரு பள்ளமும் வரும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். எண்ணைக் குறித்துக்கொண்டு, ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் சத்தமாகப் பாட்டுப் போடுங்கள். காயில் சூடு ஆறட்டும் என்று இன்னொரு அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். மறுநாள் ஒரு தடவை, வாரக் கடைசியில் ஒரு தடவை. முதல் இரண்டு எண்ணுக்கும் நடுவில் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறவை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

மீட்டர் வேண்டாம், காதுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஸ்பீக்கர் ஜோடியாகத்தானே வருகிறது? ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள், இன்னொன்றை அட்டைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒட்டினாற்போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்படி) ஒரே பாட்டைப் போட்டு, வீட்டில் வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாதியில் இரண்டின் இடத்தையும் மாற்றிவைக்கச் சொல்லுங்கள், இடம் மாறினாலே சத்தம் மாறும். ஓடியது எது, ஓடாதது எது என்று தடவைக்குத் தடவை சரியாகச் சொல்ல முடிந்தால் கடைக்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

ஆம்ப் பழகுமா? பழக்கம் என்பதைவிடச் சூடாகிறது என்று சொல்லலாம். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் அலுமினியம் ஹீட்சிங்க் சூடாகி ஒரு நிலைக்கு வர கால் மணியோ அரை மணியோ ஆகும், அதுவரை பயஸ் மின்னோட்டம் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடுவது) கொஞ்சம் ஏறி இறங்கும். இது ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் நடப்பது, முதல் 200 மணி நேரத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. வால்வு ஆம்ப்பில் இழை சூடாக ஒரு நிமிடம் போல ஆகும், அதுவும் அப்படித்தான். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் பல வருடம் கரண்டு படாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனமாகும், திரும்பக் கரண்டு கொடுத்ததும் தானே தேறிக்கொள்ளும். ஸ்டோரில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் அதற்காகத்தான் வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்றுகிறோம். போன மாதம் தொழிற்சாலையை விட்டு வந்த ஆம்ப்புக்கு இந்தச் சீராட்டு தேவையில்லை.

வயரில் அசைகிற பாகம் எதுவுமே இல்லை. செம்புக் கம்பிக்கு நினைவு கிடையாது. ஹார்ட்வேர் கடையில் விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டர், மின்தடை 0.07 ஓம் பக்கத்தில் வரும். 8 ஓம் ஸ்பீக்கரோடு வைத்துப் பார்த்தால் நஷ்டம் பத்தில் ஒரு டெசிபல்கூட இல்லை. புதுசில் அவ்வளவுதான், பத்து வருடம் கழித்தும் முனையில் பச்சை பிடிக்காத வரை அவ்வளவுதான். வயர் பழக வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் வயர் வாங்காதீர்கள்.

டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டை எடுப்பது) போன்ற டிஜிட்டல் பெட்டிகளுக்கும் ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோனில் மாறுவது காது மெத்தை, அது அமுங்க அமுங்கத் தலையோடு நன்றாகப் பொருந்திப் பாஸ் கொஞ்சம் கூடும், அது நிஜமான மாற்றம். ஆனால் ஹெட்ஃபோனைக் காதில் சற்று தள்ளி வைத்தாலே அதைவிட அதிகம் மாறிவிடும். இசைத்தட்டு ஊசியில் ஒரு சின்ன ரப்பர் இருக்கிறது, அதற்கும் மேலே சொன்ன ரப்பர் நியாயமே.

அப்படியானால் இத்தனை பேர், பொய் சொல்லத் தேவையில்லாத நல்ல மனிதர்கள், இரண்டு வாரத்தில் சத்தம் மலர்ந்துவிட்டது என்று ஏன் சொல்கிறார்கள்? அவர்கள் உணர்ந்தது உண்மை. மாறியது காது. பழைய செட்டின் சத்தத்தையே இத்தனை வருடம் கேட்டுப் பழகிய காதுக்குப் புதுச் செட்டின் ட்ரெபிள் முதலில் தூக்கலாகத்தான் இருக்கும், தினமும் கேட்கக் கேட்க அதுவே இயல்பாகிவிடும். போன வாரம் கேட்ட சத்தத்தை இன்றைக்குக் கேட்பதோடு ஒப்பிடுவதும் நடக்கிற காரியம் இல்லை. சத்தத்தின் நுணுக்கத்தை நம் மூளை அப்படியே வைத்திருப்பது சில நொடிகளுக்குத்தான், அதற்குப் பிறகு மனதில் நிற்பது "நன்றாக இருந்தது, சுமாராக இருந்தது" என்ற எண்ணம் மட்டும். வால்யூமும் ஏமாற்றும். அரை டெசிபல், ஒரு டெசிபல் ஏறினாலே சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகத் தோன்றும்.

கண்ணும் சேர்ந்து கேட்கிறது என்பதைக் காட்டிய ஒரு சோதனை உண்டு. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல வருடம் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்துவிட்டு ஹார்மன் கம்பெனிக்குப் போன ஃபிளாய்ட் டூலும், அங்கே அவரோடு இருந்த ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்டது. கம்பெனி ஆட்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கரைத் திரை போட்டு ஒரு தடவையும், திரை இல்லாமல் ஒரு தடவையும் கேட்க வைத்தார்கள். சத்தம் அதே சத்தம், ஆனால் கண்ணால் பார்த்ததும் பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது, திரைக்குப் பின்னால் நன்றாகவே மதிப்பெண் வாங்கிய சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கருக்கு இறங்கியது. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கு இந்த நிலை என்றால், காசு கொடுத்து வாங்கி, பழகும் பழகும் என்று காத்திருக்கிற நமக்கு எப்படி இருக்கும்?

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்பீக்கரை வடிவமைக்கிறவர்கள் மாதக்கணக்கில் ஓடிய சாம்பிள் ஸ்பீக்கரைக் கேட்டுத்தான் கிராஸோவரை (பாஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) முடிவு செய்கிறார்கள், அதனால் இளகிய நிலைதான் அவர்கள் நினைத்த நிலை. சில கம்பெனிகள் கையேட்டிலேயே இத்தனை மணி நேரம் ஓடவிடுங்கள் என்று அச்சடிக்கிறார்கள். கடைக்காரர் அதைப் படித்துவிட்டு மனதார நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் நம்பிச் சொன்னாலும் தவணை முடிந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம், எனக்கு முக்கியமானது இதுதான்.

புது ஜோடியில் பாஸ் இல்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பிளஸ் மைனஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு வயரை மாற்றி மாட்டியிருந்தால், ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், தாழ்ந்த சத்தங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். பாடுகிறவர் குரலும் நடுவில் நிற்காமல் எங்கேயோ இருந்து வரும். இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் ஒரு அடி இடைவெளியில் வைத்து, மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பையோ வேறு எதையோ மோனோவில் போட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றி மாட்டிப் பாருங்கள். குரல் கனமாக ஒலிக்கிற மாட்டல்தான் சரி. (ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள்.) அஞ்சு நிமிட வேலை, செலவில்லை.

அது சரியாக இருந்தால் அடுத்தது ஹால். கடையில் கார்ப்பெட், தடுப்புப் பலகை, ஏர்கான், ஸ்பீக்கருக்கென்று அளந்து வைத்த இடம். தாமான் வீட்டு ஹாலில் செங்கல் சுவர், மொசைக் தரை, கண்ணாடி ஜன்னல், ஒரு சோபா. ட்ரெபிள் தரையிலும் கண்ணாடியிலும் பட்டுப் பட்டுத் திரும்பி வருகிறது, அதுதான் காதைக் குத்துகிறது. சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த விரிப்பு போட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை மாட்டிவிட்டுக் கேளுங்கள், பழகாத ஸ்பீக்கர் அன்றைக்கே பழகிவிடும். பாஸ் வேறு கதை. ஹாலின் நீளம் 4 மீட்டர் என்றால், நம்ம ஊர் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், அந்த நீளத்தில் 44 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை நின்றுவிடும். அந்த அலை சுவர் ஓரத்தில் பலமாகவும் அறையின் நட்டநடுவில் சுத்தமாக இல்லாமலும் இருக்கும். நடு ஹாலில் சோபாவைப் போட்டு உட்கார்ந்தால் அந்தப் பாஸ் உங்களுக்கு மட்டும் கேட்காது, அடுப்படியில் நிற்கிறவருக்குக் கேட்கும். பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஹாலைச் சுற்றி மெல்ல நடந்து பாருங்கள், இடத்துக்கு இடம் பாஸ் ஏறி இறங்குவதைக் கேட்கலாம். சோபாவைப் பின்சுவர் பக்கம் அரை மீட்டர் நகர்த்துவதும், ஸ்பீக்கரைச் சுவருக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோவதும் எந்த 200 மணி நேரமும் செய்யாத வேலையைச் செய்யும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் பின்னால் போய்த் திரும்பும் சத்தம் 87 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டும், அதனால் ஒரு கை அகலம், ஒரு முழம், இரண்டு முழம் என்று மூன்று இடத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துப் பலகை வீட்டில் இதே ஸ்பீக்கரை வைத்தால் இன்னொரு மாதிரி. பலகைச் சுவர் பாஸைத் தடுத்துத் திருப்பி அனுப்பாது, பாதியை வெளியே விட்டுவிடும், அதனால் குரல் தெளிவாக இருக்கும், அடித்தளம் மெலிந்திருக்கும். சத்தம் வைத்தால் தகரக் கூரை கூடவே பாடும். அம்மா அப்பா இன்னும் அங்கே இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு போய் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஸ்பீக்கர், ஒரே வயர், இரண்டு வேறு சத்தம். அறை என்ன செய்யும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நம்ம ஊரில் ஸ்பீக்கர் நிஜமாகவே மாறுவது வருடக் கணக்கில்தான், அதுவும் நல்லதுக்கு இல்லை. ஓரத்தில் ரப்பருக்குப் பதில் ஃபோம் வைத்த ஸ்பீக்கர் இந்த ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும், அதனால் வாங்கும்போதே ரப்பர் ஓரமா என்று பாருங்கள். கப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது, 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, ஆம்ப்பின் தலையில் ஆஸ்ட்ரோ பெட்டியை ஏற்றி வைக்காதீர்கள். ஆம்ப் ஓட்டை வழியாகப் பல்லி நுழைந்து போர்டைச் சுட்டுவிட்டு அதுவும் செத்துக் கிடக்கும், எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஏப்ரல், மே மாதமும் அக்டோபர், நவம்பரும் சாயங்காலம் இடி மின்னல் அடிக்கிற காலம், வானம் கறுத்தால் சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், ஆன்டெனா வயரையும் சேர்த்து.

இப்போது செய்ய வேண்டியது: இன்றைக்கே வயரைச் சரிபாருங்கள். நாளைக்கு விரிப்பு, சோபா, ஸ்பீக்கர் இடம். இரண்டு நாளைக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள், ஆம்ப் திணறி உடைந்த சத்தம் வரும் அளவுக்கு வேண்டாம், அது ட்வீட்டரை (ட்ரெபிள் கொடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) கொன்றுவிடும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு ஆகாது, தவணைக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அட்டைப் பெட்டி, நுரைப் பஞ்சு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். "200 மணி நேரம் ஆகவில்லையே" என்று கடையில் மறுத்தால், அப்படியானால் தவணையை 200 மணி நேரம் முடியும் வரை நீட்டித்து ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சத்தம் பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டம் உங்களுக்குப் பணத்தை வாங்கித் தராது, அது கடையின் தவணையைப் பொறுத்தது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் மட்டும் கரகரக்கிறது, காயில் உரசுகிறது, ஒரு பக்கம் சத்தம் குறைவு என்றால் அது பழுது, பழக்கம் சரிசெய்யாது. அதற்குப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இருக்கிறது, கடை கையை விரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரைக்குமான கோரிக்கைகளை அங்கே கேட்பார்கள், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மோனோவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்று மட்டும் வித்தியாசமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, நாளைக்கே கடைக்குத் தெரியப்படுத்துங்கள்.